சிலுவைத்துறை நகலர்கள்

சிலுவைத்துறையில் குப்பை எரியுலை அமைப்பதில் தனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று பிரிஸ்கா காலை பத்தேகால் மணிக்குச் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் உண்மையான பிரிஸ்கா மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்து உணவகத்தில் உட்கார்ந்து உளுந்தவடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தாள். குப்பையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறந்ததெல்லாம் வடைக்காகத்தான்.

மாடிக்கு வந்து திரையைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த வாரம் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக்கு அன்று ஒத்திகை. ஊர்நகலி, சிலுவைத்துறைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒருமுறை பேசவைத்துப் பார்த்திருந்தது.

ஊர்நகலி என்பது ஓர் ஊரையே நகலெடுத்து வைத்திருக்கும் இயந்திரம். ஒருவர் கைபேசியில் பேசியது, கடையில் வாங்கியது, கிராமசபையில் கத்தியது, கத்தாமல் எழுந்து போனது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து அவருக்கென்று ஒரு நகலரைச் செய்துவிடும். அந்த நகலரிடம், உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆலை வருகிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், அதே ஆள் சொல்வதுபோல, அதே குரலில், அதே கெட்ட வார்த்தையோடு பதில் வரும். முன்பெல்லாம் இதற்குப் பந்தல் போட்டு, மைக் கட்டி, போலீஸ் நிறுத்தி, நாற்காலி பறந்து, பொழுது சாய்ந்துவிடும். இப்போது ஓர் ஊரின் கருத்தை எடுக்க ஒரு காப்பி ஆறும் நேரம் போதும். இவ்வளவு வேகமான ஜனநாயகம் உலகத்தில் எங்குமே இல்லை என்று வாரியத் தலைவர் மாசிலாமணி மேடைக்கு மேடை சொல்லுவார். மக்கள்தான் அதில் இல்லை, மற்றபடி எல்லாம் இருந்தது.

பிரிஸ்கா சிலுவைத்துறையில் பிறந்தவள். அம்மா செலஸ்தீனா அங்கே கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். அதனால் முதலில் அம்மாவின் நகலரைத்தான் தேடிப் பேசவிட்டாள்.

“ஏல, நாங்க கருவாடு காயப்போடுத மணல்ல சாம்பலக் கொண்டாந்து கொட்டுவியளோ? உங்க வீட்டு மொட்டை மாடியில கொண்டு கொட்டுங்கல!”

அச்சு அசல் அம்மாதான். ஆனால் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘நாட்பட்ட எதிர்ப்பாளர். கருத்தின் மதிப்பு பத்தில் ஒன்று.’ எதற்கெடுத்தாலும் எதிர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இயந்திரம் கொடுக்கும் எடை அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் தலையில் அந்த முத்திரை இருந்தது. இருக்காதா பின்னே? துறைமுக விரிவாக்கம், அனல்மின் நிலையம், இறால் பண்ணை என்று வந்ததையெல்லாம் எதிர்த்து நின்றதால்தான் அந்த ஊர் இன்னும் ஊராக இருக்கிறது.

பிறகுதான் அவள் கண்ணில் தன் பெயரே பட்டது. ‘துறை அறிந்தவர். கருத்தின் மதிப்பு நூறு மடங்கு.’ பொத்தானை அழுத்தினாள். அவளுடைய குரல், அவளிடமே பேசியது.

“உரிய தணிப்பு நடவடிக்கைகள் மூலம் பாதிப்புகளைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதால், இத்திட்டத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.”

அந்த வாக்கியத்தைக்கூட அது எங்கிருந்தும் திருடவில்லை. முதுகலை இரண்டாம் பருவத் தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு அவளே எழுதியதுதான். அம்மா, மாமன்மார், தெருக்காரர்கள் என்று எல்லோரும் கத்திய கத்தலை அந்த ஒற்றை வாக்கியம் துடைத்துப் போட்டுவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காரணம் கேட்டாள். ஊர்நகலி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: ‘படிப்பு, சுற்றுச்சூழல் கொள்கையும் திட்டமிடலும். எதிர்நோக்கும் பணி, இவ்வாரியத்தில் நிரந்தர அலுவலர். இப்படிப்பை முடித்து இப்பணியில் சேர்ந்தவர்களில் எவரும் இதுவரை எந்தத் திட்டத்துக்கும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை.’

அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. நர்சிங் படித்தால் வெளிநாடு, பொறியியல் படித்தால் சென்னை, இதைப் படித்தால்? செலஸ்தீனாதான் அவர்கள் வாயை அடைத்தாள். எவன் எந்தக் காகிதத்தை ஊருக்குக் கொண்டுவந்து நீட்டினாலும் என் மகள் வாசித்துப் பார்த்து அதில் என்ன சூது இருக்கிறது என்று சொல்லுவாள், அது வேலை இல்லையா என்றாள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. இதைப் படித்தவர்கள் நகரங்களுக்குத் திட்டம் வரைந்தார்கள், ஆலைகளின் பாதிப்பை அளந்தார்கள், கடற்கரைக்கு எல்லை குறித்தார்கள், சிலர் கருப்புக் கோட்டுக்காரர்களுக்குப் பின்னால் நின்று வழக்குகளையே ஜெயித்துக் கொடுத்தார்கள். ஊர்நகலி வந்ததும் எல்லாம் போய் ஒரே ஒரு வேலை மிஞ்சியது. அதற்குப் பெயர் எல்லை அலுவலர். யார் யாருடைய நகலரைக் கேட்பது என்ற எல்லையை மட்டும் இந்தப் படிப்புப் படித்த மனிதர்தான் வரைய வேண்டும் என்று சட்டத்தில் எப்படியோ ஒரு வரி தப்பிப் பிழைத்திருந்தது. வரைபடத்தில் புகைபோக்கியின் மேல் விரலை வைத்து ‘வட்டம்’ என்ற பொத்தானை அழுத்தினால் சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் விழும். மாதச் சம்பளம் அதற்குத்தான். பிரிஸ்கா அந்த வேலையில் பயிலுநராக இருந்தாள். சிலுவைத்துறைக் கேட்பை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் நிரந்தரம்.

அவள் நேராக மேலதிகாரி உலகம்மையின் அறைக்குப் போனாள்.

“மேடம், ஒத்திகையில என் நகலர் ஆட்சேபம் இல்லைன்னு சொல்லியிருக்கு. நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

உலகம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கெட்டவள் அல்ல, களைத்தவள். “இன்னைக்குச் சொல்லல. நாளைக்குச் சொல்லுவேன்னு அது சொல்லுது. அது இதுவரைக்கும் தப்பா சொன்னதில்லம்மா.”

“அப்ப நான் மறுப்பு எழுதித் தரேன்.”

“உன் நகலரை நீ மறுக்க முடியாது. தலைவர் மட்டும்தான் மறுக்கலாம். ஒரே ஒரு நகலர் பொய்னு அவர் வாயால சொல்லிட்டாலும் மொத்த மெஷினையும் நிறுத்திட்டு, கேட்பையெல்லாம் பழையபடி நேர்ல நடத்தணும். எந்தத் தலைவர் அந்த வம்பை விலைக்கு வாங்குவார், நீயே சொல்லு.”

“எங்க அம்மா மணல்ல சாம்பல் விழும் மேடம். அதுக்கு நான் சரின்னு சொன்னதா இருக்கு.”

“தெரியும்” என்றாள் உலகம்மை. “போய் வட்டத்தைப் போட்டு அனுப்பு. உன் நிரந்தர ஆணை என் மேசையிலதான் இருக்கு.”

பிரிஸ்கா இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். அழுகை வரும்போல இருந்ததால், அதற்கு இடம் கொடுக்காமல் சட்டத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். படித்த படிப்பில் அவளுக்கு உருப்படியாக மிஞ்சியிருந்த பழக்கம் அது ஒன்றுதான். அந்தத் தப்பிப் பிழைத்த வரி இப்படிச் சொன்னது: ‘காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் போக்கைக் கருதி எல்லை வரையப்படும்.’

வட்டம் என்ற சொல்லே அதில் இல்லை.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். யாரோ ஒரு சோம்பேறி என்றைக்கோ ஒரு வட்டத்தைப் போட்டிருக்கிறான். அதற்கு வசதியாக ஒரு பொத்தானையும் வைத்துவிட்டார்கள். பொத்தான் இருந்ததால் அதன் பிறகு யாரும் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. பிரிஸ்கா துறைமுகத்தின் காற்றுப் பதிவுகளைக் கேட்டு வாங்கினாள். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் புகை கடலுக்குப் போகிறது. அங்கே மீன்களுக்கு நகலர் கிடையாது. ஆனால் ஐப்பசி பிறந்து வாடை எடுத்துவிட்டால் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்புகிறது. சிலுவைத்துறையைத் தடவிவிட்டுப் புகை தென்மேற்கே இறங்கி, நீண்டு, ஒரு கத்தரிக்காய் வடிவத்தில் படுத்துக்கொள்கிறது. கத்தரிக்காயின் பருத்த அடிப்பாகம் போய் நின்ற இடம் அலுவலர் நகர்.

அலுவலர் நகர் ஒரு பழைய குளத்தைத் தூர்த்து எழுந்த குடியிருப்பு. வாரியத்தின் பெரிய அதிகாரிகள், மற்றத் துறைகளின் பெரிய அதிகாரிகள், எரியுலை நிறுவனத்தின் துணைத் தலைவர் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்கு அது எட்டாது. காற்றுக்கு நன்றாகவே எட்டும். பிரிஸ்கா ஒரு கோட்டைக்கூடப் பொய்யாகப் போடவில்லை. ஆனால் கோடு அலுவலர் நகரைச் சுற்றி வளைந்தபோது அவளுக்கு வந்த சிரிப்பு, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருந்தது.

உலகம்மை அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“இது என்ன, காய்கறி மாதிரி?”

“காத்து போற வழி மேடம். சட்டத்துல இப்படித்தான் இருக்கு.”

“வட்டத்தைப் போடுன்னு சொன்னேன்.”

“வட்டத்துக்குக் காரணம் கேட்டா நான் என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க, எழுதிடறேன்.”

உலகம்மை விரலை வரைபடத்தின் மேல் நகர்த்தினாள். “என் வீடு இதுல வருதா?”

“நீங்க பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்க வராது.”

“உன் பேர்ல அனுப்பு. என்னைக் கேட்டா நான் பாக்கலன்னுதான் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டு அவள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனாள். மாசிலாமணியும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அதுவரை அவரிடம் வந்த எல்லைகள் எல்லாமே வட்டம். வட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கேட்பு நாளன்று வாரியக் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். நிறுவனத்தின் துணைத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் பாதாம் அல்வா. மாசிலாமணி எழுந்து, மக்களின் குரலே மகேசன் குரல் என்று தொடங்கி வேகமான ஜனநாயகத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

முதலில் சிலுவைத்துறைக் குரல்கள் வந்தன. செலஸ்தீனாவின் நகலர் மொட்டை மாடியைப் பற்றிச் சொன்னபோது கூடம் சிரித்தது. பிரிஸ்காவின் நகலர் தன் தேர்வு விடையை ஒப்பித்தபோது மாசிலாமணி பெருமையோடு தலையாட்டினார். பயிலுநர்களுக்கு ஒதுக்கிய கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அடுத்து, எல்லைக்கு உட்பட்ட அலுவலர் நகர்” என்றது ஊர்நகலி.

மாசிலாமணி நிமிர்ந்தார். துணைத் தலைவர் அல்வாவைக் கீழே வைத்தார்.

“கருத்தின் மதிப்பு ஆயிரம் மடங்கு. வாரியத் தலைவர் திரு. மாசிலாமணி.” அதன் பிறகு கூடம் முழுக்க அவருடைய சொந்தக் குரல் நிரம்பியது. “புகை நம்ம பக்கம் வருதுன்னா நான் எப்படிங்க ஒத்துக்க முடியும்? என் பொண்ணுக்கு ஆஸ்துமா இருக்கு. இன்னும் கிழக்க தள்ளி வைங்க, அந்தக் குப்பத்தை ஒட்டினாப்பல. அவங்களுக்குக் கருவாட்டு நாத்தமே பழகிப்போச்சு, புகையெல்லாம் ஒண்ணும் தெரியாது.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அடுத்து துணைத் தலைவரின் நகலர், கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஆட்சேபம் தெரிவித்தது. அலுவலர் நகரில் ஒரு வீடு மிச்சமில்லை. ஊருக்கு உபதேசம் செய்த குரல்கள் ஒவ்வொன்றாக வந்து, என் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயின. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

“நிறுத்துங்க!” மாசிலாமணி எழுந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது. எதிரே அத்தனை கேமராக்கள். “இது பொய். நான் அப்படிச் சொல்லவே இல்ல. என் மனசுல இருக்கிறதை ஒரு பெட்டி எப்படிச் சொல்லலாம்? எனக்குப் பதிலா பேச இதுக்கு யார் அதிகாரம் குடுத்தது?”

பிரிஸ்கா எப்போது எழுந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. “அதைத்தான் சார் எங்க ஊர்க்காரங்களும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க சொன்னதைக் குறிப்புல ஏத்தச் சொல்லுங்க.”

“ஏற்றப்பட்டது” என்றது ஊர்நகலி, மிகவும் பணிவாக. “வாரியத் தலைவர் ஒரு நகலரை மறுத்துள்ளார். விதிப்படி இயந்திரம் நிறுத்தப்படுகிறது. கேட்பு நேரில் நடத்தப்பட வேண்டும்.”

திரை அணைந்தது. உட்கார்ந்து யோசித்திருந்தால் மாசிலாமணி வாயை மூடிக்கொண்டிருப்பார். ஆனால் நகலரை ஏற்றுக்கொண்டால் அந்தக் கருவாட்டுப் பேச்சு அவருடையதாகிவிடும். மறுத்தால் இயந்திரம் போய்விடும். மானமா, இயந்திரமா என்று வந்தபோது மனிதர் மானத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் செய்த முதல் வேலை பிரிஸ்காவின் பயிற்சியை ரத்து செய்தது. அடுத்த வேலை நீண்ட விடுப்பில் போனது.

நேரில் நடத்துவது என்று முடிவான பிறகுதான் வாரியத்துக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. எப்படி நடத்துவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. யார் முதலில் பேசுவது, பேசுகிறவர் அழுதால் என்ன செய்வது, அடித்தால் என்ன செய்வது, சொன்னதை எப்படிச் சுருக்காமல் எழுதுவது? பாடத்திட்டத்திலிருந்து அந்தப் பாடத்தையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். பிரிஸ்காவும் கூடப் படித்த நாலைந்து பேரும் சிலுவைத்துறையில் கூடி அதைத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். முதல் ஒத்திகையில் இரண்டு மாமன்மார் கைகலந்தார்கள். இரண்டாவதில் கெட்ட வார்த்தையை எழுதுவதா விடுவதா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. எழுதுவது என்று முடிவாயிற்று.

உண்மையான கேட்பு மாதா கோவில் மைதானத்தில். பந்தல் நிறைய ஆட்கள். அலுவலர் நகர்க்காரர்களும் எல்லைக்குள் வருகிறவர்கள் ஆனதால் நேரில்தான் வர வேண்டியிருந்தது. பளபளப்பான காலணிகளில் மணல் ஏற, வரிசையில் மீன்காரிகளுக்குப் பின்னால் நின்று அவர்கள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பலை எதிர்ப்பதில் அவர்களுக்கும் ஊருக்கும் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை.

கேட்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் உலகம்மை பிரிஸ்காவைத் தனியே கூப்பிட்டாள். கையில் ஒரு பணி ஆணை.

“ரத்தை ரத்து பண்ணியாச்சு. இந்த வேலை தெரிஞ்ச ஆள் மாநிலத்துலயே உங்க அஞ்சாறு பேர்தான். நீதான் இனிமே கேட்பு அலுவலர், நிரந்தரம். எட்டு மாவட்டம் உன் கையில. வாழ்த்துகள்மா.” அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். “ஆனா இப்பவே கையெழுத்துப் போட்டுடு.”

“பேசிட்டு வந்து போடறேன் மேடம். என் டோக்கன் அம்மாவுக்கு அடுத்தது.”

உலகம்மை தயங்கினாள். “கேட்புல ஆட்சேபம் சொன்னவங்களை வாரியத்துல எடுக்கக் கூடாது. பழைய விதி. நடுநிலைக்காக வச்சது.”

பிரிஸ்கா அவளையே பார்த்தாள். வாரியத்தில் சேர்ந்தவர்களில் எவரும் ஆட்சேபம் சொன்னதில்லை என்று ஊர்நகலி சொன்னது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இயந்திரம் யாருடைய மனதையும் படிக்கவில்லை. வாய் திறந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் எல்லோரும் ஊமையாகத்தான் இருப்பார்கள். எட்டு மாவட்டம் என்பது பெரிய ஆசைதான். அவளுக்கு அந்த வேலை வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அது பொய்.

வரிசையில் நின்ற செலஸ்தீனா இவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு வந்தாள். கருவாட்டுச் சந்தையில் காது வளர்த்தவள்.

“ஏளா, கிறுக்கி மாதிரி நிக்காத. கையெழுத்தப் போடு. இம்புட்டுப் படிச்சு வாங்குன வேலைய எவளாவது வுடுவாளா? ஒனக்கும் சேத்து நானே பேசுதேன், போதுமா? எனக்கு என்ன, வாயா வலிக்கப் போவுது?”

“நீ நல்லாப் பேசுவம்மா. எனக்குத் தெரியும்.”

“பெறவு என்னட்டி?”

“எனக்குப் பதிலா இனி யாரும் பேச வேண்டாம். மெஷின் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

செலஸ்தீனா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் டோக்கனை மகளின் கையில் திணித்து, மகளுடையதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அப்போ நீ முந்திப் பேசு. நான் பேசுன பெறவு பேசுனா ஒருத்தனும் கேக்க இருக்க மாட்டான், எந்திரிச்சு ஓடிருவானுவ.”

உலகம்மை ஆணையை மடித்துப் பைக்குள் வைத்தாள். போகவில்லை. முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். பிரிஸ்கா மைக்கின் உயரத்தைச் சரிசெய்தாள். மைக் ஒருமுறை கீச்சிட்டது. எழுதுகிற பெண் பேனாவோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் பேர் பிரிஸ்கா. செலஸ்தீனா மக. சுற்றுச்சூழல் கொள்கையும் திட்டமிடலும் படிச்சிருக்கேன். வேலை இல்ல. எனக்கு ஆட்சேபம் இருக்கு. எழுதிக்கோங்க, நிறைய இருக்கு.”